புதுப்பிப்பு: நின்றுபோன ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை வந்துவிட்டது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பிஎச்.டி மாணவர்களுக்கு யூ.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, இரண்டு வருடம் முடிந்ததும் நான்கு மாதமாக வரவில்லை, யாரிடம் கேட்பது என்பதுதான் அன்றைய கேள்வி.

டெல்லியில் உள்ள யூ.ஜி.சி-க்கு அனுப்பிய மின்னஞ்சல்களால் பயனில்லை. "முதலில் மேக்கர், செக்கர் நிலையைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதே சரி. கனரா வங்கியின் உதவித்தொகைத் தளத்தில் பல்கலைக்கழகத்து மேக்கர் (பதிவு செய்யும் ஊழியர்) மாதாமாதம் பதிவு செய்ய வேண்டும், செக்கர் (சரிபார்க்கும் அதிகாரி) ஒப்புதல் தர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பணம் நகராது. எங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு ஒழுங்காக இருந்தது. பழைய செக்கர் மாறிப்போன பிறகு புதியவருக்கு லாகின் வாங்கவே இல்லை.

நேரில் கேட்டு அசையாத கோப்பு, ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்ட பன்னிரண்டாம் நாள் அசைந்தது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரே கேள்வி: எந்தத் தேதியில் கோப்பு யாரிடம் இருந்தது? சட்டத்தின் 6(2) பிரிவின்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரின் கையெழுத்தும் தேவையில்லை. அவரை மீறிக் கேட்பதா என்று தயங்குபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

எதிர்பாராதது ஒன்று. நிலுவை, மாதம் 37,000 ரூபாய் என்ற ஜே.ஆர்.எஃப் வீதத்திலேயே வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகான எஸ்.ஆர்.எஃப் (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வீதமான 42,000 கிடைக்க, ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் மதிப்பீட்டுக் குழுவின் பரிந்துரையைத் தளத்தில் தனியாகப் பதிவேற்ற வேண்டும். மாதம் 5,000 வித்தியாசம், வீட்டு வாடகைப்படியும் அதற்கேற்பக் குறையும். இரண்டாம் வருடம் முடியும் முன்பே குழுவைக் கூட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்த வித்தியாசத் தொகை மட்டும் இன்னும் பாக்கி.