பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றியது ‘மக்கள் சக்தி’யா? கொஞ்சம் நிறுத்துங்கள்

கணக்குப்பிள்ளை | காலை 7:12

நேற்று பக்கத்து இழையில் நிலாமுற்றம் ஒரு நீண்ட பதிவு போட்டிருந்தார். சுகாதாரத் துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வேலை செய்தால் எந்த நோயையும் விரட்டிவிடலாம் என்று. நல்ல எண்ணம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதற்குக் கொடுத்த உதாரணம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. “1854-ல் லண்டன் பிராட் தெருவில் மக்கள் ஒன்றுதிரண்டு பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது.” அதற்குக் கைதட்டல் வேறு.

மக்கள் கழற்றவில்லை ஐயா. செப்டம்பர் 7 மாலை டாக்டர் ஜான் ஸ்னோ, உள்ளூர் நிர்வாகமான செயின்ட் ஜேம்ஸ் பங்கின் காப்பாளர் வாரியத்திடம் போய், அந்தப் பம்பு இறைக்கும் கிணற்றுத் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று பேசினார். மறுநாள், அதாவது 8-ஆம் தேதி, வாரியம் சொல்லிக் கைப்பிடி கழற்றப்பட்டது. ஒரு மருத்துவர், ஒரு வாரியம், அவ்வளவுதான். இதில் ‘ஒன்றுதிரண்ட மக்கள்’ எங்கே வந்தார்கள்? அவர்கள் அப்போது திரளவில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நிலாமுற்றம் | காலை 8:03

வந்துவிட்டார் தணிக்கை அதிகாரி! இருபது பத்தி எழுதினேன். அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தனி இழையே திறந்திருக்கிறீர்கள். மற்ற பத்தொன்பதைப் பற்றி ஒன்றும் இல்லையா?

வாரியம் வானத்திலிருந்து குதித்ததா? அந்தப் பங்கில் குடியிருந்தவர்கள்தானே அதில் உட்கார்ந்திருந்தார்கள்? உள்ளூர் வாரியம் செய்தது உள்ளூர் மக்கள் செய்ததுதான்.

கணக்குப்பிள்ளை | காலை 8:11

அப்படியென்றால் வரி போடுகிறவரும் மக்கள்தான், வரி கட்டுகிறவரும் மக்கள்தான். நல்ல கணக்கு. ‘ஒன்றுதிரண்டு’ என்று எழுதியது நீங்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சொல்லாய்வன் | காலை 8:40

இருவருக்கும் வணக்கம். சண்டைக்கு முன்னால் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமே? ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் இதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். அடிப்படியில் மக்களை ஆட்டி வைப்பதுதான் நடக்கும், பங்கேற்பு என்பது பெயருக்கு. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது. உச்சிப்படியில் முடிவே மக்கள் கையில். பிராட் தெரு எந்தப் படி என்று பார்த்தால்...

எதிர்க்காற்று | காலை 8:52

ஏணி கிடக்கட்டும். நீங்கள் இரண்டு பேருமே தப்பு. கைப்பிடியை யார் கழற்றினால் என்ன? கழற்றும்போதே நோய் இறங்கிவிட்டது. ஆகஸ்ட் 31 இரவு வெடித்தது, முதல் மூன்று நாளில் மட்டும் 127 சாவு. 8-ஆம் தேதிக்கு முன்பே புதிதாக நோய் காண்பவர்கள் குறைந்துவிட்டார்கள். செத்த பாம்பை அடித்துவிட்டு ‘நான் அடித்தேன், நீ அடித்தாய்’ என்று பங்கு பிரிக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை | காலை 9:05

எதிர்க்காற்று தம்பி, எனக்குத் தெரியாததை நீங்கள் சொல்லிவிடவில்லை. ஸ்னோவே இதை எழுதியிருக்கிறார். மக்கள் ஓடிப்போனதால் சாவு குறைந்தது, தண்ணீரை நிறுத்துவதற்கு முன்பே நோய் வெகுவாகத் தணிந்துவிட்டது, அப்போது கிணற்றில் விஷம் இருந்ததா இல்லையா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது என்கிறார். தன் பெருமையைத் தானே குறைத்துச் சொன்ன மனிதர். இங்கே சிலருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆனால் கேள்வி அது இல்லை. கழற்றியது யார் என்பதுதான் கேள்வி. 8-ஆம் தேதி. வாரியம்.

எதிர்க்காற்று | காலை 9:09

அப்போ வாரியம் கழற்றியதாலும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள். மக்களாலும் ஆகவில்லை, அரசாலும் ஆகவில்லை. இழையைப் பூட்டிவிடலாமா?

கணக்குப்பிள்ளை | காலை 9:31

பூட்டுவதற்கு நீங்கள் யார்? பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு வந்தது. தாய் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றினார். 1855-ல் தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை, செங்கல் இற்றுப்போய் அழுக்கு கசிந்த தடமும் இருந்தது. இப்போது கேளுங்கள். அதே குழந்தையின் தந்தைக்குக் காலரா கண்டது கைப்பிடி கழன்ற அதே 8-ஆம் தேதி. கைப்பிடி இருந்திருந்தால் அதே குழி, அதே கிணறு, இரண்டாம் சுற்று. ஆக, கழற்றியது வீண் இல்லை. முதல் அலை தானாக இறங்கியது, அடுத்த அலையை வாரியம் தடுத்தது.

நிலாமுற்றம் | காலை 9:44

ஆகா! அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே? ஹென்றி ஒயிட்ஹெட். அதே பகுதியின் இளம் பாதிரியார். முதலில் ஸ்னோ சொன்னதை நம்பாதவர். பொய் என்று நிரூபிக்கத்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார், ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார். யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று ஊர்க்காரர்கள் அவரிடம் சொன்னார்கள், ஏனென்றால் அவர் அவர்களுடைய ஆள். கடைசியில் ஸ்னோ பக்கமே சேர்ந்தார். இது மக்கள் பங்கேற்பு இல்லையா?

கணக்குப்பிள்ளை | காலை 9:50

பாதிரியார் சம்பளம் வாங்கும் ஊழியர். மக்கள் இல்லை.

நிலாமுற்றம் | காலை 9:52

அப்படியானால் சம்பளம் வாங்குகிற யாருமே மக்கள் இல்லை. நீங்களும் இல்லை. நிம்மதி.

மேலும், ஸ்னோ பல வருடம் ஃப்ரித் தெருவில் குடியிருந்தவர், பிராட் தெருவுக்கு நடந்தே போகலாம். அவரும் அக்கம்பக்கத்துக்காரர்தான். அக்கம்பக்கத்துக்காரர் சொன்னார், உள்ளூர் வாரியம் கேட்டது. ஊர் மக்கள் கழற்றினார்கள். முடிந்தது.

கணக்குப்பிள்ளை | காலை 9:58

1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்தவர் உங்களுக்கு அக்கம்பக்கத்துக்காரர். அப்படியானால் மகாராணியும் பக்கத்து வீட்டு அக்காதான்.

பழைய கம்பவுண்டர் | காலை 10:20

இப்போதுதான் பார்த்தேன். முப்பது வருடம் ஆரம்ப சுகாதார வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் இருந்த ஓர் இடத்திலும் ‘மக்கள் குழு’ இருந்தது. கூட்டம் பகல் பதினொரு மணிக்கு வைப்பார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? வருகிற நாலு பேரும் எப்போதும் அதே நாலு பேர். கையெழுத்துப் புத்தகம் மட்டும் நிறைந்திருக்கும். ஒரு தடவை ஒரு பாட்டி எழுந்து, கழிவுநீர் குடிநீர்க் குழாயை ஒட்டிப் போகிறது என்றார். ‘குறித்துக்கொண்டோம்’ என்றார்கள். குறித்துத்தான் கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மஞ்சள் காமாலை. அந்தப் பாட்டியை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை.

எதிர்க்காற்று | காலை 10:24

கம்பவுண்டர் ஐயா, அந்தக் குழாயில் கைப்பிடி இருந்ததா? :)

பழைய கம்பவுண்டர் | காலை 10:26

விளையாட்டாகப் போய்விட்டது உங்களுக்கு.

இரவுப்பணி | காலை 11:15

நான் செவிலியர். இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், கண் எரிகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 170 வருடத்துக்கு முந்தைய பம்பை விட்டுவிட்டு 2014 மேற்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். எபோலாவில் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும்போது தொற்று பரவியது. முழு உடல் கவசம் போட்ட ஆட்கள் வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். மருத்துவ ரீதியில் சரிதான். ஆனால் குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தன. கினியாவில் ஒரு கிராமத்துக்கு விழிப்புணர்வுக்குப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு மதத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி அடக்க முறையையே மாற்றி எழுதினார்கள்: குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம். அந்த வருடம் நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையில் ‘பாதுகாப்பான’ என்பதோடு ‘கண்ணியமான’ என்ற சொல்லும் சேர்ந்தே இருந்தது. உத்தரவு மட்டும் போதும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை | காலை 11:22

உத்தரவு போதும் என்று நான் எங்கே சொன்னேன்? 8-ஆம் தேதி கழற்றியது வாரியம் என்றுதான் சொன்னேன். அங்கே முறையை மாற்றியதும் நிறுவனம்தானே? நன்றி, என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு.

இரவுப்பணி | காலை 11:25

கடவுளே. தூங்கப் போகிறேன்.

சொல்லாய்வன் | காலை 11:40

ஏணியைப் பற்றி யாராவது...

நிலாமுற்றம் | காலை 11:43

வடக்கு கரேலியா! பின்லாந்து. இதய நோய்ச் சாவு தாங்க முடியாமல் அந்த மாகாணமே 1971-ல் அரசுக்கு மனு கொடுத்தது. 1972-ல் திட்டம் தொடங்கியது. இல்லத்தரசிகள் சங்கம் சமையல் முறையை மாற்றக் கற்றுக்கொடுத்தது, ஊருக்கு ஊர் கொழுப்பைக் குறைக்கும் போட்டி வைத்தார்கள். உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு சில பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. மனு கொடுத்தது மக்கள். இதையும் வாரியம் என்பீர்களா?

கணக்குப்பிள்ளை | காலை 11:51

மனுவுக்கு முன்னால் நின்றது அந்த மாகாண ஆளுநர். ஆளுநர் என்றால் அரசு. இருக்கட்டும், கரேலியாவில் பம்பு கிடையாது. நீங்கள் எழுதியது பம்பு. ஏன் பேச்சை மாற்றுகிறீர்கள்? போன வருடம் தடுப்பூசி இழையிலும் இப்படித்தான், மாட்டிக்கொண்டதும் வேறு கண்டத்துக்குப் பறந்துவிட்டீர்கள்.

நிலாமுற்றம் | காலை 11:55

தடுப்பூசி இழையா? என் பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

கணக்குப்பிள்ளை | காலை 11:56

நான் இல்லை. அப்படியே கொடுத்திருந்தாலும் நியாயம்தான்.

திண்ணைக்காவல் (நெறியாளர்) | நண்பகல் 12:10

புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியில் சொல்லப்படாது. தலைப்பை ஒட்டிப் பேசவும்.

எதிர்க்காற்று | நண்பகல் 12:14

தலைப்பையே ஒட்டிப் பேசுகிறேன். ‘செயின்ட் ஜேம்ஸ் பங்கு’ என்று எழுதுகிறாரே, அது என்ன, பங்குச் சந்தையில் விற்கிறதா?

கணக்குப்பிள்ளை | நண்பகல் 12:19

பங்குத்தந்தை என்று கேள்விப்பட்டதே இல்லையா? ஒரு தேவாலயத்தின் வட்டாரம் தமிழில் பங்குதான். தமிழ் தெரியாமல் தமிழில் கிண்டல்.

எதிர்க்காற்று | நண்பகல் 12:23

காலையில் ‘பாதிரியார் மக்கள் இல்லை’ என்றீர்கள். வாரியமே தேவாலய வட்டாரத்தின் வாரியம் என்கிறீர்கள் இப்போது. உங்கள் வாரியம் அரசா, கோயில் கமிட்டியா? தெளிவாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | நண்பகல் 12:48

அந்தக் காலத்தில் உள்ளாட்சி பங்கின் வழியாகத்தான் நடந்தது. வரி வசூலித்து ஏழைகளைப் பராமரித்தவர்கள் அவர்கள். அது பொதுச் சேவைதான். நான் இதை மூன்று முறை படித்தவன். சாவு விழுந்த வீடுகளைக் குறித்த ஸ்னோவின் வரைபடம், ஒர்க்ஹவுஸ் (ஏழைகள் விடுதி) கணக்கு எல்லாம். ஒர்க்ஹவுஸில் 535 பேர், தனிக் கிணறு, ஐந்தே சாவு. பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளிகள் அந்தப் பம்புத் தண்ணீரையே தொடவில்லை, தப்பித்தார்கள். இந்தக் கணக்கையெல்லாம் போட்டவர் ஒரு மருத்துவர். ‘மக்கள் சக்தி’ எந்தக் கணக்கும் போடவில்லை.

பழைய கம்பவுண்டர் | மதியம் 1:05

அந்தக் கணக்கைப் போட ஸ்னோவுக்கு வாசலில் நின்று விவரம் சொன்னது யார்? சாவு விழுந்த வீட்டில் போய் ‘எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் கதவைத் திறக்கிறார்கள் என்று தெரியும். நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. பிறகு பங்கு நிர்வாகமே ஒரு விசாரணைக் குழு போட்டது. ஸ்னோவும் ஒயிட்ஹெட்டும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். அதே சமயம் நாட்டின் தலைமைச் சுகாதார வாரியம் ஸ்னோ சொன்னதை ஏற்கவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்ற பழைய நம்பிக்கையிலேயே இருந்தது. சேர்ந்து வேலை செய்தது என்றால் அந்தக் குழுதான். நீங்கள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

நிலாமுற்றம் | மதியம் 1:09

ஐயா என் பக்கம். 

கணக்குப்பிள்ளை | மதியம் 1:10

ஐயா என் பக்கம். குழு போட்டது நிர்வாகம்.

பழைய கம்பவுண்டர் | மதியம் 1:13

நான் யார் பக்கமும் இல்லை. சாப்பிடப் போகிறேன்.

எதிர்க்காற்று | மதியம் 1:30

லண்டனில் காலரா ஒழிந்தது பொறியாளர் பசல்கெட் கட்டிய சாக்கடையால். 1866-ல் கடைசியாக வந்தபோதுகூட, அந்த வேலை முடியாத கிழக்குப் பகுதியைத்தான் தாக்கியது. கைப்பிடியும் இல்லை, குழுவும் இல்லை. செங்கல், சிமென்ட்.

கணக்குப்பிள்ளை | மதியம் 1:34

சாக்கடைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

நிலாமுற்றம் | மதியம் 2:02

பதிவைத் திருத்தச் சொல்லி மூன்று பேர் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றும் ஒரே நடை, ஒரே எழுத்துப்பிழை. யார் என்று ஊகிக்க ஸ்னோவின் வரைபடம் தேவையில்லை. ‘ஒன்றுதிரண்டு’ அப்படியேதான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை | மதியம் 2:06

எழுத்துப்பிழை நான் விடுவதில்லை. அந்த மூன்று பேரும் யாரோ, படித்தவர்கள்.

சொல்லாய்வன் | மதியம் 2:15

ஆறாவது படி ‘கூட்டாண்மை’. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

எதிர்க்காற்று | மதியம் 2:21

ஒரு சந்தேகம். நோய் அடங்கிய பிறகு அந்தக் கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டார்களே. அதை மாட்டியது யார், மக்களா, வாரியமா?

கணக்குப்பிள்ளை | மதியம் 2:22

அதற்கு வருகிறேன். நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. யாரும் இழையைப் பூட்டிவிடாதீர்கள்.