50 ஹெர்ட்ஸ் பம்பை 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் காசை எங்கே போடணும்? பம்ப் பட்டறையில் ஆளுக்கொரு பக்கம் சொன்ன பதில் இது; ஒவ்வொரு தலைப்பும் பேசுகிறவர் வேலை பார்க்கும் இடம் அல்லது வேலை.

டெஸ்ட் பெட்

சவுதி, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, கொலம்பியா எல்லாம் 60 ஹெர்ட்ஸ்; அதாவது மின்சாரம் நொடிக்கு 60 தடவை அலையடிக்கும், நம்ம ஊரில் 50. கோவையில் உள்ளூருக்குப் போடுகிற மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) அப்படியே அங்கே மாட்டினால் நிமிடத்துக்கு 2,880 சுற்று 3,450-ஐத் தொடும். வேகம் 1.2 மடங்கு என்றால் தண்ணீரும் 1.2 மடங்கு, ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்) 1.44, மோட்டார் மேல் விழுகிற சுமை 1.73. அதாவது 1 எச்.பி. மோட்டாரில் 1.7 எச்.பி. வேலை. முதல் வாரம் "தண்ணி பிரமாதமா அடிக்குது" என்று பாராட்டு வரும். அடுத்த வாரம் கருகின வைண்டிங் (மோட்டாரின் கம்பிச்சுருள்) போட்டோ வரும்.

அதனால் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, குறைக்கணும். கணக்குப்படி 130 மி.மீ. விட்டம் 108 ஆகணும். ஆனால் நேரே 108-க்குக் கடையாதீர்கள். நிஜத்தில் ஹெட் கணக்கைவிட அதிகமாகவே இறங்கும். 112-ல் நிறுத்தி டெஸ்ட் எடுத்து, அப்புறம் ஒவ்வொரு மி.மீ.யாக இறங்குங்கள். கடைசியில் பேலன்சிங் பார்க்காமல் விட்டால் பேரிங் போகும்.

இது சாம்பிளுக்குத்தான். இவ்வளவு கடைந்தால் இம்பெல்லருக்கும் வால்யூட் (அதைச் சுற்றியிருக்கும் சுருள் வடிவக் கூடு) நாக்குக்கும் இடைவெளி அகன்று எஃபிஷியன்சி விழும். ஆர்டர் தொடர்ந்து வரும் என்றால் சின்ன வால்யூட்டுக்குப் புதுப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு மாதிரி) போடுங்க. பட்டறையில் ஆராய்ச்சிச் செலவு என்றால் முதலில் இதுதான், கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம்.

வைண்டிங் மேசை

அண்ணா சொன்னது பம்ப் பக்கம். மோட்டார் பக்கமும் இருக்கு. 230 வோல்ட் சிங்கிள் பேஸை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) 17% குறையும், டார்க் (சுழற்றும் விசை) சுமார் 69 சதவீதத்துக்கு இறங்கும். வோல்டேஜ் கொஞ்சம் விழுந்தாலே ஸ்டார்ட் ஆகாமல் உறுமும். வைண்டிங்கில் 120 டர்ன் (கம்பிச் சுற்று) இருந்தால் 100 ஆக்குங்க. ஸ்லாட்டில் கிடைக்கிற இடத்துக்கு 0.70 மி.மீ. கம்பி 0.77 வரை போகலாம். கோர் மட்டும் முன்னைவிடச் சூடாகும். மட்டமான ஸ்டாம்பிங் (கோரை அடுக்கும் இரும்புத் தகடு) இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

லேத் 4

டெஸ்ட் எடுக்க 60 ஹெர்ட்ஸ் சப்ளைக்கு எங்கே போறதுங்க? விஎஃப்டி (ஃப்ரீக்வென்சியை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றித் தரும் கருவி) வைத்தால் போதாதா?

டெஸ்ட் பெட்

த்ரீ பேஸுக்குச் சரி தம்பி. கெப்பாசிட்டர் மோட்டாருக்கு விஎஃப்டி ஆகாது, கெப்பாசிட்டர் வெடிக்கும். நாலு போல் ஆல்டர்னேட்டரை புல்லி போட்டு 1,800 சுற்றில் ஓட்டினால் சுத்தமான 60 ஹெர்ட்ஸ் வரும். வோல்டேஜை ஏ.வி.ஆரில் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) சரிபண்ணிக்கங்க. பெல்ட் வழுக்கினால் ஃப்ரீக்வென்சியும் இறங்கும், அதனால் மீட்டர் கண்ணுக்கு நேரே இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

வரிச்சலுகையை நம்பி ஆராய்ச்சி பட்ஜெட் போட வேண்டாம் சார். பழைய வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவில் சொந்த ஆராய்ச்சிக் கூடச் செலவுக்கு மார்ச் 2017 வரை 200% கழிவு. மார்ச் 2020 வரை 150%. அதன்பின் வெறும் 100%. அதற்கும் டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் வேண்டும். ஒன்றிரண்டு பேட்டர்னுக்காக அந்தக் காகிதவேலை தேவையா என்று நீங்களே பாருங்க.

ஏற்றுமதி கூடினால் சிறு தொழில் தகுதி போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) விற்றுமுதல் கணக்கில் ஏற்றுமதி சேராது. ஏப்ரல் 2025 முதல் சிறு தொழிலுக்கு வரம்பு 100 கோடி விற்றுமுதல், 25 கோடி முதலீடு.

பேக்கிங்

டெஸ்ட் முடிந்ததும் தண்ணீரை முழுசா வடித்து, காற்றடித்து, துருத்தடுப்பு எண்ணெய் விட்டுத்தான் பெட்டியில் ஏத்தணும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், கப்பல் பயணத்தில் காஸ்ட் அயர்ன் இம்பெல்லர் வால்யூட்டோடு துருப்பிடித்து இறுகிவிடும். அங்கே சுவிட்சைப் போட்டால் சுத்தாது. வைண்டிங் எரிந்ததும் பழி மோட்டார் மேல் விழும்.

மரப்பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை கட்டாயம்: மரத்தின் நடுவிலேயே 56 டிகிரி சூடு, தொடர்ந்து 30 நிமிடம். முத்திரை குத்திய பெட்டியில் முத்திரையில்லாத ஒரு முட்டுக்கட்டை கிடந்தாலும் துறைமுகத்தில் சரக்கை நிறுத்தலாம். முட்டுக்கட்டைகளையும் முத்திரை குத்திய மரத்தில் வாங்குங்க.