திருகோணமலையில பியானோ வகுப்பு: காசு கட்டுற பிள்ளையளையும் கட்டாத பிள்ளையளையும் பிரிக்கிறதா?

உப்புவெளிக்காரி:
வணக்கம். எனக்கு 24 வயசு. கொழும்பில பியானோ எட்டாம் கிரேட் சோதினை முடிச்சிட்டு ஊரோட வந்திட்டன். வீட்டு ஹோலில பழைய அப்ரைட் பியானோ ஒண்டும் 61 கட்டை கீபோர்ட் ரெண்டும் இருக்கு. கிழமை நாளில காசு கட்டிப் படிக்கிறவை லண்டன் சங்கீதச் சோதினைக்கு ஆயத்தமாகினம். ஞாயிறு பின்னேரம் கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளையளுக்கு இலவசமா எடுக்கிறன்.

ஞாயிறு பிள்ளையளுக்கு வீட்டில பழக ஒண்டுமில்ல. ஒருத்தி கலண்டர் மட்டையின்ர பின்பக்கம் கட்டையளைக் கீறி, கறுப்புக்கு மார்க்கர் அடிச்சு, அதில பழகிக்கொண்டு வாறாள். விரல் ஒழுங்கு பிழைக்கிறேல்ல, பெருவிரலை அடியால கொண்டு போறதும் சரி. ஆனா எல்லாக் கட்டையையும் ஒரே அளவாத்தான் அமத்துறாள். மட்டையில மெல்லமா அமத்தினா என்ன, பலமா அமத்தினா என்ன, சத்தம் வராதே. நல்ல காது உள்ள பிள்ளை. அதைப் பாக்கேக்க எனக்குத் தாங்கேலாம இருக்கு.

ரெண்டு கூட்டத்தையும் ஒண்டாக்க ஆசைப்படுறன். "சோதினைப் பிள்ளையள் பின்தங்கிடும்" எண்டு ஒரு பெற்றோர் சொல்லிப்போட்டார். ஆரும் இப்பிடிச் செய்து பாத்தனீங்களா?

ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர்:
தங்கச்சி, பிரிக்காதேங்கோ. வெனிசுவேலாவில ஹொசே அன்டோனியோ அப்ரெயு 1975இல தொடங்கின சங்கீத இயக்கத்தில பிள்ளையள் ஆரம்பத்திலேயே கூட்டமா இருந்து வாசிச்சுத்தான் படிக்கிறவை. தெரிஞ்ச பிள்ளை தெரியாததுக்குச் சொல்லிக் குடுக்கும். சொல்லிக் குடுக்கிற பிள்ளை பின்தங்கிறேல்ல, நான் கண்டது அதுதான்.

பியானோவில கூட்டமா எப்பிடி எண்டு கேப்பீங்கள். ஒரு பியானோவில ரெண்டு பேர் சேந்து வாசிக்கிறமாதிரி நாலு கைக்கு எழுதுங்கோ. கரைவலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டை எடுங்கோ. ஒருத்தர் அடி எடுத்துக் குடுக்க மற்றவை சேந்து திருப்பிச் சொல்லுவினம். திருப்பிச் சொல்லுற பகுதியை ரெண்டு மூண்டு சுரத்தில அடக்கி, கீழ்க் கட்டையில புதுப் பிள்ளை வாசிக்கட்டும். மேல அடி எடுக்கிறது கிரேட் படிக்கிற பிள்ளை. பார்ட்டொக் எண்ட இசையமைப்பாளர் ஹங்கேரி, ஸ்லோவாக்கிய நாட்டார் மெட்டுகளைச் சின்னக் கைக்கு எட்டிறமாதிரி எழுதிக் குடுத்தவர், ஒக்டேவ், அதாவது எட்டு வெள்ளைக் கட்டை தூரம், கையை நீட்டத் தேவையில்லாம. எங்கட கடற்கரை மெட்டுக்கு அதை நீங்கள் செய்யலாம். பிரயோசனம் கேக்கிற பெற்றோருக்கு, சாதாரண தரப் பரீட்சையில மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடம் எண்டு சொல்லுங்கோ.

சுருதிப்பெட்டி:
பியானோ கடல் பக்க ஜன்னலுக்கு நேர நிக்குதா? உள்ச்சுவரோட தள்ளி வையுங்கோ. உப்புக்காத்தில கம்பி துருப்பிடிக்கும், மாரியில மரம் ஊதிக் கட்டை ஒட்டும். மற்றது, கீபோர்ட் ரெண்டும் அமத்திற பலத்துக்கேற்பச் சத்தம் மாறுற வகையெண்டா ஒண்டை வீடு வீடா முறை வைச்சுக் குடுங்கோ. பற்றரியில ஓடினா கரண்ட் போனாலும் பிரச்சினையில்ல. அந்த மட்டைப் பிள்ளைக்கு முதல் முறை.

வலைக்காரர் வீட்டுத் தாய்:
மகள், என்ர பிள்ளையும் உங்கட்ட வந்தது, மாரியோட நிண்டிட்டுது. வகுப்புப் பிடிக்காமல் இல்ல. வாடைக்காத்து தொடங்கினா இவர் கடலுக்குப் போறேல்ல, அப்ப பஸ் காசும் யோசிச்சுத்தான். வராத பிள்ளையை விட்டிட்டுது எண்டு பேர் வெட்டிப் போடாதேங்கோ. அந்த மாதங்களில நீங்கள் கீபோர்டோட எங்கட பக்கம் வந்தா பத்துப் பிள்ளையள் எண்டாலும் இருக்கும். வாசிகசாலையில இடம் கேட்டுத் தரலாம்.

உப்புவெளிக்காரி:
ரீச்சர், நாலு கை எண்டது எனக்கு ஓடவே இல்ல. ஒண்டாத்தான் எடுக்கப் போறன். மறுத்த பெற்றோரை ஒரு ஞாயிறு வந்து இருந்து பாக்கச் சொல்லுறன். சுருதிப்பெட்டி அண்ணா, ஒரு கீபோர்ட் அந்த வகை, அது நாளைக்கே அவளின்ர வீட்டுக்குப் போகுது. அக்கா, பேர் ஒண்டும் வெட்டேல்ல. மாரிக்கு வாசிகசாலையைக் கேட்டு வையுங்கோ, சனி காலமை எண்டா எனக்கு வசதி. உங்கட பக்கம் அம்பா முழுக்கத் தெரிஞ்ச பெரியவர் ஆரும் இருக்கினமா? பாடிக் காட்டினா போனில பதிஞ்சு சுரம் எழுதலாம்.