60 நியூரானா, 3 எலியா?

ஈவுக்கணக்கு
ஒரு மருந்து எலி மூளையில் நியூரான் கிளைகளின் மேல் துருத்தி நிற்கும் நுண்ணிய முட்களைக் கூட்டுகிறதா என்ற ஆய்வைப் பற்றி, வேறொரு திரியில் நுண்நோக்கி எழுதியதை அப்படியே தருகிறேன் (பி மதிப்பு என்பது, மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே வந்தால் விளைவு உண்டு என்பது வழக்கம்): "குழுவுக்கு 3 எலி, எலிக்கு 20 நியூரான். ஆக மாதிரி எண்ணிக்கை 60. பி மதிப்பு 0.0001-க்கும் கீழே. இதைப் போய் 3 என்று சொல்றவங்க மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தே பார்க்காதவங்க."

அங்கே பதில் சொன்னால் அந்தத் திரி கெட்டுப்போகும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். 60 இல்லை, 3. மருந்து ஏறியது எலிக்கு. சீட்டுக் குலுக்கி எந்தக் குழு என்று பிரித்ததும் எலியைத்தான். எதைக் குலுக்கிப் பிரித்தோமோ அதைத்தான் எண்ண வேண்டும். ஹர்ல்பர்ட் 1984-லேயே சூழலியல் கட்டுரைகளை அலசி இந்தத் தவறைப் 'போலி மறுசெய்கை' என்று பெயர் சொல்லிக் காட்டிவிட்டார். இன்னமும் இதையே புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நுண்நோக்கி
வாங்க வாத்தியாரே, தனித் திரியே திறந்துட்டீங்க. சந்தோஷம்.

கோல்ஜி சாயம் ஏத்தி, 100 மைக்ரான் தடிமனுக்கு மூளையைச் சீவி, 100 மடங்கு ஆயில் லென்ஸ்ல ஒரு நியூரானுக்கு மூணு கிளை எடுத்து, 10 மைக்ரான் நீளத்துக்கு எத்தனை முள் இருக்குன்னு எண்றோம். ஒரே எலிக்குள்ளேயே ஒரு நியூரான்ல 6 இருக்கும், பக்கத்து நியூரான்ல 13 இருக்கும். இந்த 60 அளவையும் சுருட்டி மூணே மூணு புள்ளியாக்கணுமா? கையில் இருக்கிற தகவலைக் குப்பையில் போடறதுக்குப் பேர் புள்ளியியலா? 60 அளந்தா 60தான்.

இழுவிசை
ஒரே எஃகுத் தகட்டிலிருந்து 30 துண்டு வெட்டி இழுத்துப் பார்த்தால், அந்த ஒரு தகட்டைப் பற்றி 30 தடவை தெரிந்துகொள்கிறோம். அடுத்த உருக்கில் கார்பன் கொஞ்சம் கூடினாலே உடையும் சுமை மாறிவிடும். அதனால்தான் விமானக் கூட்டுப்பொருள்களுக்கான சிஎம்எச்-17 கையேட்டில் பி-அடிப்படை மதிப்பு (வடிவமைப்பில் நம்பிப் பயன்படுத்தும் வலிமை அளவு) எடுக்க 30 துண்டு மட்டும் போதாது, அவை குறைந்தது 5 தொகுதிகளிலிருந்து வர வேண்டும் என்று இருக்கிறது. தொகுதிகளை ஒன்றாகச் சேர்ப்பதற்கு முன் சேர்க்கலாமா என்று ஆண்டர்சன்-டார்லிங் சோதனை வேறு. எலி என்பது தொகுதி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நுண்நோக்கி
இரும்பும் எலியும் ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டோம். ஒரே வம்சத்துக்குள்ளேயே இனச்சேர்க்கை செஞ்சு வளர்த்த எலிகள் சார். மரபணு அளவில் ஏறக்குறைய நகல். உங்க உருக்குத் தொகுதி மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் போகாது.

ஈவுக்கணக்கு
நகல் எலிகளா? எலிக்கு எலி வித்தியாசம் மரபணுவிலிருந்து மட்டுமா வருகிறது? கூண்டு, எந்தத் தாயின் குட்டி, எத்தனை மணிக்கு மயக்கம் கொடுத்தது, ஃபார்மலின் ஏற்றும்போது ரத்தம் முழுக்க வடிந்ததா, சாயத்தில் எத்தனை நாள் ஊறியது, எல்லாம் எலியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சாயம் சரியாக ஏறாத மூளையில் 20 நியூரானிலும் முள் குறைவாகத்தான் தெரியும். அந்த 20-ஐ 20 தனிச் சாட்சி என்று எண்ணினால், ஒரே ஆள் 20 தடவை கையெழுத்துப் போட்ட மனு மாதிரி.

எண்ணாகவே காட்டுகிறேன். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். 10 மைக்ரானுக்கு முள்.

கட்டுப்பாட்டு எலிகளின் சராசரி: 8.1, 9.4, 10.1.
மருந்து எலிகளின் சராசரி: 9.9, 10.6, 11.9.
எலிக்குள் நியூரானுக்கு நியூரான் திட்ட விலக்கம் 2.

குழுக்களின் சராசரி 9.2, 10.8. வித்தியாசம் 1.6. நியூரானை எண்ணிக் குழுவுக்கு 60 என்று போட்டால் வித்தியாசத்தின் திட்டப் பிழை (தற்செயலாக அது எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) 0.39, டி (வித்தியாசத்தைத் திட்டப் பிழையால் வகுத்தது) 4.1, பி மதிப்பு 0.0001-க்கும் கீழே. நீங்கள் பெருமையாகச் சொல்லும் அதே பி மதிப்பு. எலியை எண்ணிக் குழுவுக்கு 3 என்று போட்டால் திட்டப் பிழை 0.83, டி 1.93, ஃப்ரீடம் டிகிரி (6 எலியில் 2 குழுவைக் கழித்தது) 4, பி மதிப்பு சுமார் 0.13. அதே மூளை, அதே முள். எண்ணிய அலகு மட்டும்தான் மாறியது. 3.

தேவைக்கோடு
பொருளியலில் இந்தச் சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பெர்ட்ராண்ட், டஃப்லோ, முல்லைநாதன் 2004 கட்டுரையைப் படிக்கவும். அமெரிக்க மாநிலங்களுக்கு இல்லாத சட்டங்களைக் கற்பனையாக ஒதுக்கி, வழக்கமான முறையில் திட்டப் பிழை கணக்கிட்டார்கள். நடக்காத சட்டத்துக்கே 45% வரை '5% அளவில் விளைவு உண்டு' என்று வந்தது. அதற்குப் பிறகு மாநில அளவில் க்ளஸ்டர் செய்யாத, அதாவது ஒரு மாநிலத்தின் அளவுகளை ஒரே கொத்தாகக் கருதாத கட்டுரையை எந்த நல்ல இதழும் தொடாது. உயிரியலாளர்கள் எங்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நுண்நோக்கி
யாரு, நீங்களா கத்துக்கொடுக்கப் போறீங்க? அரசுக் கடனும் வளர்ச்சியும் பற்றின ரைன்ஹார்ட்-ரோகாஃப் 2010 கட்டுரையில் விரிதாள்ல 5 நாட்டை விட்டுட்டுக் கூட்டினவங்க எந்தத் துறை?

தேவைக்கோடு
செப்ட்2 என்ற மரபணுவை விரிதாள் 'செப்டம்பர் 2' என்று மாற்றியதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பியவர்கள் எந்தத் துறை? கடைசியில் 2020-ல் மரபணுவின் பெயரையே செப்டின்2 என்று மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த 5 நாடு விடுபட்டதால் வந்த பிழை சுமார் 0.3 சதவீதப் புள்ளிதான். 90%-க்கு மேல் கடன் உள்ள நாடுகளின் வளர்ச்சி மைனஸ் 0.1 என்று அவர்கள் சொன்னது, ஹெர்ன்டன், ஆஷ், போலின் 2013-ல் திருத்தியபோது 2.2 ஆனதற்குப் பெரிய காரணம் சில ஆண்டுகளை விட்டதும், எடை போட்ட விதமும். நியூசிலாந்தின் 1951 என்ற ஒரே ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் ஒரே எடை. பாதி செய்தியைப் படித்துவிட்டு வந்து பேசக் கூடாது.

நுண்நோக்கி
நன்றி! நீங்களே கொடுத்துட்டீங்க. அங்கே நாட்டுக்கு ஒரு சராசரின்னு எடுத்தது தப்பு. இங்கே எலிக்கு ஒரு சராசரின்னு எடுத்தா சரி. என்ன நியாயம் இது?

ஈவுக்கணக்கு
எல்லா எலிக்கும் 20 நியூரான். எடை சமம், அதனால் அந்தக் கேள்வியே இங்கே எழாது. ஒரு எலியில் 4, இன்னொன்றில் 35 என்றிருந்தால், எலியை ரேண்டம் இன்டர்செப்ட்டாக (எலிக்கு எலி மாறும் அடிப்படை அளவாக) வைத்து, எலிக்குள் உள்ள சிதறலையும் எலிக்கு எலி உள்ள சிதறலையும் சேர்த்துக் கணிக்கும் மிக்ஸட் மாடல் போட வேண்டும். அதுவே எடையைப் பார்த்துக்கொள்ளும். அப்போதும் குழுவை ஒப்பிடும் ஃப்ரீடம் டிகிரி எலியிலிருந்துதான் வரும்.

தகவலைக் குப்பையில் போடுவதாகச் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எலிக்குள் உள்ள சிதறல் எங்கேயும் போகவில்லை. எலிக்கு எலி உண்மையான வேறுபாடு, அதாவது வேரியன்ஸ் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்), மேலே உள்ள எண்களில் 0.83: எலிச் சராசரிகளின் வேரியன்ஸ் 1.03-இல் நியூரானால் வரும் 4/20-ஐக் கழித்தது; திட்டப் பிழையும் 0.83 என்பது தற்செயல். நியூரானுடையது 4. இரண்டும் சேர்ந்த 4.83-இல் எலியின் பங்கு 0.17. இதுதான் உள்ளொற்றுமைக் கெழு. டிசைன் எஃபெக்ட், அதாவது ஒரே எலியின் நியூரான்கள் ஒத்திருப்பதால் மாதிரி எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது, 1 + 19 × 0.17, சுமார் 4.3. உங்கள் 60-ஐ இதால் வகுத்தால் 14.

நுண்நோக்கி
பிடிச்சாச்சு. 14! மூணு இல்லை, 14! உங்க சூத்திரம், உங்க எண், உங்க வாய். முதல் பதிவுல 3-ன்னு அடிச்சுச் சொன்னீங்க. குழுவுக்கு 14-ன்னா ஃப்ரீடம் டிகிரி 26. டி 1.93-க்கு பி மதிப்பு 0.065. இன்னும் ஒரு எலி சேர்ந்தா 0.05-க்குக் கீழே போயாச்சு. இப்போ சொல்லுங்க, 3-ஆ 14-ஆ?

கருவிழி
கண் மருத்துவ ஆய்வுகளிலும் இதே தகராறு உண்டு. 50 நோயாளிகளின் 100 கண்கள் என்று எழுதுவார்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே சொட்டு என்றால் 100 என்று எண்ணக் கூடாது. ஆனால் ஒரு கண்ணுக்கு மருந்து, மறு கண் ஒப்பீடு என்று பிரித்தால், அதே ஒற்றுமை நமக்கு லாபம்; நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாடு கழிந்துபோகும். எச்சரிக்கை ஒன்று: டிமோலால் போன்ற சொட்டு மருந்து ரத்தத்தில் கலந்து மறு கண்ணின் அழுத்தத்தையும் குறைக்கும். அப்போது ஒப்பீட்டுக் கண்ணே கெட்டுவிடும். ஆகவே 'எது அலகு' என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. இங்கே யாருமே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் சொல்லவில்லையே?

நுண்நோக்கி
டாக்டர், கண்ணை அப்புறம் பார்ப்போம். அவர் 14-க்குப் பதில் சொல்லட்டும்.

ஈவுக்கணக்கு
சொல்கிறேன். 14 என்பது துல்லியத்தின் கணக்கு: தனித்தனியான 14 நியூரான் கொடுத்திருக்கக்கூடிய அதே திட்டப் பிழை, 0.83. ஆனால் அந்த 0.17 எங்கிருந்து வந்தது? குழுவுக்கு 3 எலியை வைத்து மதிப்பிட்டது. எலிக்கு எலி எவ்வளவு மாறும் என்று ஆறே எலியைப் பார்த்துவிட்டு, அது உறுதியாகத் தெரிந்தது போல 26 போட முடியாது. 4 ஃப்ரீடம் டிகிரிக்கு டி 2.78 தாண்ட வேண்டும், 26-க்கு 2.06 போதும். வேறுபாடு அங்கே இருக்கிறது. எண்ண வேண்டியது 3.

இன்னொன்று. இப்படிக் குறைவான எலியில் மிக்ஸட் மாடல் போட்டால் மென்பொருள் சில சமயம் எலியின் வேரியன்ஸைப் பூஜ்யம் என்றே மதிப்பிட்டு 'சிங்குலர் ஃபிட்' என்று எச்சரிக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் மாடல் எலியை மறந்து பழைய 60-க்கே போய்விடும். 'மிக்ஸட் மாடல் போட்டோம்' என்று கட்டுரையில் எழுதியிருக்கும், உள்ளே நடந்திருப்பது சாதாரண டி சோதனை. சின்ன மாதிரிக்கான கென்வர்ட்-ரோஜர் திருத்தம் போட்டு ஃப்ரீடம் டிகிரியை அச்சிட்டுப் பாருங்கள். 6 எலிக்கு 118 (60 + 60 − 2) என்று வந்தால் ஏதோ தப்பு.

நுண்நோக்கி
ஆக 60, 14, 3, மூணும் உங்க கணக்கிலேயே இருக்கு. பிடிச்சதை எடுத்துக்கறீங்க.

அப்புறம், 3-ஐ வெச்சு டி சோதனை போடலாம்னா சின்ன மாதிரி போதும்னுதானே அர்த்தம்? 'ஸ்டூடன்ட்'ங்கிற பேர்ல காசெட் 1908-ல் அதைக் கொண்டுவந்ததே சின்ன மாதிரிக்குத்தான். தூக்க மருந்து உதாரணத்தில் 10 நோயாளிதான் இருந்தாங்க. அப்ப சரி, இப்பத் தப்பா?

இழுவிசை
10 நோயாளி. ஒரு நோயாளியின் 10 ராத்திரி இல்லை.

தேவைக்கோடு
நன்றாகச் சொன்னீர்கள். க்ளஸ்டர் குறைவாக இருந்தால் க்ளஸ்டர் திருத்தமே சரியாக வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40, 50-க்குக் கீழே போனால் கவனம் தேவை. 6 க்ளஸ்டரை வைத்துக்கொண்டு எங்கள் துறையில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

நுண்நோக்கி
உங்க துறையில் க்ளஸ்டரைக் கொல்ல வேண்டியதில்லை சார். எங்களுக்கு நெறிமுறைக் குழு இருக்கு. ரஸ்ஸல், பர்ச் 1959-லிருந்து 'விலங்குகளைக் குறை'ங்கறதுதான் விதி. எலியைக் கூட்டுன்னு இங்கே உட்கார்ந்து சொல்றது சுலபம். எலியைக் குறைச்சு நியூரானைக் கூட்டறோம், அதையும் தப்புங்கறீங்க.

ஈவுக்கணக்கு
குறைப்பது என்றால் பதில் கிடைக்கும் அளவுக்குக் குறைப்பது. பதிலே தராத ஆய்வில் போன 6 எலியும் வீண். அந்த 6-க்கு எந்த நெறிமுறை பதில் சொல்லும்?

நியூரானைக் கூட்டினால் என்ன ஆகும் என்று அதே எண்களில் போடுங்கள். 3 எலி, எலிக்கு 20 என்பதை 100 ஆக்குங்கள்: குழுவுக்கு 300 நியூரான், மைக்ராஸ்கோப்பில் ஐந்து மடங்கு உழைப்பு. திட்டப் பிழை 0.83-லிருந்து 0.76-க்கு இறங்கும், அவ்வளவுதான். 1.6 வித்தியாசத்துக்கு டி 2.1, இன்னும் 2.78-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இப்போது குழுவுக்கு 8 எலி, எலிக்கு வெறும் 5 நியூரான் எடுங்கள்: குழுவுக்கு 40. திட்டப் பிழை 0.64. 300 நியூரானை 40 நியூரான் தோற்கடிக்கிறது, எலி கூடியதால். 8 எலியும் எலிக்கு 20-ம் என்றால் 0.51, இந்த அளவு விளைவைப் பிடிக்க 80%-க்கு மேல் வாய்ப்பு. எலியிலிருந்து வரும் சிதறலை நியூரான் எண்ணிக் கரைக்க முடியாது.

எலியே கூட்ட முடியாது என்றால் வேறு வழியும் இருக்கிறது. ஒரே தாயின் குட்டிகளை இரண்டு குழுவுக்கும் பிரித்து ஜோடியாக ஒப்பிடுங்கள். ஒரே நாளில் இரண்டு குழுவின் மூளையையும் ஒரே சாயத் தொட்டியில் போடுங்கள். திங்கட்கிழமை கட்டுப்பாடு, செவ்வாய்க்கிழமை மருந்து என்று செய்தால் சாயத்தை அளக்கிறீர்கள், மருந்தை அல்ல. எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கர்ப்பிணி எலிக்கு மருந்து கொடுத்துக் குட்டிகளைப் பார்க்கும் ஆய்வு என்றால் இன்னும் மோசம்: அங்கே குட்டிகூட அலகு இல்லை, தாய்தான்.

நுண்நோக்கி
எலி போய் இப்போ தாயும் ஆயாச்சு. அடுத்து பாட்டியை எண்ணச் சொல்வீங்க.

8 எலிங்கறீங்க. அந்த 8-உம் நீங்க கற்பனை எண்ணிலிருந்து எடுத்த எலி வேரியன்ஸ் 0.83-ஐ நம்பித்தானே? நிஜ எலியில் அது 0.2-ஆ இருந்தா? அப்போ உங்க டிசைன் எஃபெக்ட் 2-க்குக் கீழே வரும், மாதிரி எண்ணிக்கை 30-ஐத் தாண்டும். அதை மறைச்சிட்டீங்களே!

ஈவுக்கணக்கு
மறைக்கவில்லை. 0.2 என்றால் எலிச் சராசரிகள் நெருங்கி வரும், திட்டப் பிழை 0.52-க்கு இறங்கும், எலியை எண்ணியே டி 3-ஐத் தாண்டும். ஃப்ரீடம் டிகிரி 4-லேயே முடிவு கிடைத்துவிடும். அப்போதும் 60 தேவைப்படவில்லை.

கருவிழி
இரண்டு பேரும் ஒரே வார்த்தையை இரண்டு பொருளில் சொல்கிறீர்கள். ஒருவர் துல்லியத்தை, மற்றவர் குலுக்கிய அலகை.

நுண்நோக்கி
டாக்டர், அவரே 14-ன்னு எழுதினது மேலே அப்படியே இருக்கு. அதை அழிக்கச் சொல்லுங்க முதல்ல.

ஈவுக்கணக்கு
எதற்கு அழிக்க வேண்டும்? 14 சரி, அது எதற்கான எண் என்பதையும் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் படத்துக்குக் கீழே நீங்கள் போட வேண்டியது: 'குழுவுக்கு 3 எலி, எலிக்கு 20 நியூரான்; சோதனை எலிச் சராசரிகளின் மேல்.' படத்தில் 60 புள்ளியையும் போடுங்கள், எலிக்கு ஒரு நிறமாக. படிப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தேவைக்கோடு
இடையில் ஒன்று: செப்டின் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

நுண்நோக்கி
நிறம் போடறேன் சார், அழகா ஆறு நிறம். கீழே 60-ன்னும் போடறேன்.