எட்டிகூன்களை முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

திருவல்லிக்கேணியிலிருந்து

1997 கோடை விடுமுறை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சித்தப்பா, தன் பழைய சூப்பர் நிண்டெண்டோ வீடியோ கேம் கருவியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது 110 வோல்ட் கருவி. நம் வீட்டில் வருவதோ 230. அப்பா ரிச்சி தெருவில் அலைந்து ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். தூக்கினால் தோள் இறங்கும் எடை. கால் மணி நேரத்தில் சூடாகி உறுமத் தொடங்கிவிடும். எங்கள் தொலைக்காட்சிக்கு அமெரிக்க வண்ண முறை ஒத்துவராததால், படம் கறுப்பு வெள்ளையில்தான் தெரிந்தது.

கூடவே கிடைத்த விளையாட்டு ‘சூப்பர் மெட்ராய்டு’. 1994இல் வெளிவந்தது. சேமஸ் என்ற வீராங்கனை ஜீபஸ் என்ற கோளின் சுரங்கங்களுக்குள் தனியாக இறங்குகிறாள். அங்கே அசைவது எல்லாமே அவளைக் கடிக்க வரும், அல்லது அவள் மேல் விழும். அதனால் எது அசைந்தாலும் சுடுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

பிரின்ஸ்டார் பகுதியின் அடியில், ஒடுக்கமாகவும் நெட்டையாகவும் கிணறு போல ஓர் இடம் வரும். அங்கேதான் எட்டிகூன் என்ற அந்தப் பிராணிகள் மூன்றும் இருந்தன. உருண்டை உடம்பு, தேவாங்கைப் போலப் பெரிய கண்கள். என்னைக் கண்டதும் துள்ளின. வழக்கம்போல் சுட்டேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருப்பித் தாக்கவும் இல்லை. சுவரை நோக்கி ஓடி, இந்தச் சுவரை உதைத்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரை உதைத்து இந்தச் சுவருக்குமாக மேலே மேலே ஏறிப் போய்விட்டன. என் துப்பாக்கிக்குப் பயந்து ஓடுகின்றன என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் இறங்கி வந்து மறுபடியும் ஏறின. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் புரிந்தது. எனக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்று உண்டு. இந்தச் சுவரில் ஒரு கால், அந்தச் சுவரில் ஒரு கால் என்று ஊன்றி நாங்கள் அதில் ஏறுவோம். அதே வித்தைதான். ஆனால் என் விரல்களுக்கு அது வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை, எந்தப் பொத்தானை அழுத்து என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் அந்த மூவர் மட்டுமே.

அவை பச்சையும் நீலமும் கலந்த நிறம் என்பது பல வருடங்கள் கழித்து, வேறொருவர் வீட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் மனத்தில் இன்றைக்கும் அவை சாம்பல் நிறம்தான். நீங்கள் எங்கே பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

பெரம்பூரிலிருந்து

அண்ணா, நான் கதையைப் பின்பக்கத்திலிருந்து படித்தவள். என் அண்ணன் பர்மா பஜாரில் கேம் பாய் அட்வான்ஸ் வாங்கித் தந்தார். அதில் நான் ஆடியது 2002இல் வந்த ‘மெட்ராய்டு ஃபியூஷன்’. அந்தக் கருவியின் திரைக்குள் விளக்கு கிடையாது. பகலில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலோரம் உட்கார்ந்து, வெயில் திரையின் மேல் சாய்வாக விழும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். இரவில் மின்சாரம் போனால் பென்சில் பேட்டரியில் கருவி ஓடும், ஆனால் திரையில் எதுவும் தெரியாது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த விளையாட்டில் ஓர் ஆய்வு நிலையம் முழுக்க ஒட்டுண்ணி பரவியிருக்கும். பார்க்கும் உயிர் எதையும் நம்ப முடியாது, எல்லாமே எதையோ விழுங்கி அதன் உருவம் எடுத்தவை. அப்படி இருக்கும்போது குடியிருப்புத் தளத்தில் எட்டிகூன்களும், நெருப்புக்கோழியைப் போன்ற டாச்சோராவும் அடைபட்டுக் கிடக்கும். முந்தைய கதை தெரியாததால் எனக்கு அவை யாரென்றே தெரியாது. ஒட்டுண்ணி தொற்றாத உயிர்கள் இத்தனை இருக்கின்றனவே என்று ஆறுதலாக இருந்தது, திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

கடைசியில் நிலையம் அழியப் போகும் நேரம். கப்பல் நிற்கும் இடத்துக்கு ஓடிவந்தால் கப்பலைக் காணவில்லை. இருப்பது மெட்ராய்டு என்ற ராட்சத உயிர். அதைக் கொன்று முடித்த பிறகு கப்பல் தானாக வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவை நான் திறந்துவிட்ட அந்தப் பிராணிகள்! மாடியிலேயே அழுதேன். துணி எடுக்க வந்த அம்மா, பரீட்சையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டார்.

‘சூப்பர் மெட்ராய்டு’ ஆடியது கல்லூரிக் காலத்தில். அந்தக் கிணற்றுக்குள் அவற்றைப் பார்த்தபோது, தெரிந்தவர்களின் சின்ன வயதுப் புகைப்படத்தைப் பார்ப்பது போல இருந்தது.

வேளச்சேரியிலிருந்து

‘சூப்பர் மெட்ராய்டு’ விளையாட்டின் முடிவுக் கட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. கடைசி எதிரியான மதர் பிரெய்னை வீழ்த்தியதும் கோள் வெடிக்கப் போகிறது. தப்ப மூன்றே நிமிடம். மேலே ஏறும் வழியில், ஆரம்பத்தில் நமக்குக் குண்டுகள் கிடைத்த அறை இருக்கிறது. வழியை விட்டு விலகி அதற்குள் போனால், எட்டிகூன்களும் டாச்சோராவும் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரை உடைத்துவிட்டால் ஓடிவிடும். போ என்று விளையாட்டு சொல்வதில்லை, போனால் புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை. கோள் வெடிக்கும் காட்சியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விலகிப் பறக்கும். கிடைப்பது அது ஒன்றுதான்.

‘கேம்ஸ் டன் குயிக்’ என்ற தொண்டு நிகழ்ச்சியில் இந்த விளையாட்டை அதிவேகமாக ஆடும்போது, விலங்குகளைக் காப்பாற்றுவதா விட்டுவிடுவதா என்று பார்வையாளர்கள் நன்கொடை கொடுத்துத் தீர்மானிப்பார்கள். விட்டுவிட்டால் சில விநாடி மிச்சம். அந்தப் பணம் புற்றுநோய்த் தடுப்புக்கோ, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கோ போகிறது என்பதால் யார் ஜெயித்தாலும் நல்லதுதான். ஆனாலும் விட்டுவிடும் பக்கம் ஜெயிக்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

நானும் ஒரு காலத்தில் விட்டுவிட்டு ஓடியவன்தான். கடிகாரம் குறைவதைப் பார்த்தால் கை நடுங்கும், வேறு எதுவும் தோன்றாது. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. எல்லோரும் மேல்வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் பாதிப் படியில் திரும்பி, மோட்டார் அறையில் குட்டி போட்டிருந்த பூனையைத் தேடிப் போனார். தாயையும் இரண்டு குட்டிகளையும் அரிசிச் சல்லடையில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். மின்சாரம் வந்து, வீட்டைக் கழுவி, எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் அந்தக் கட்டத்தை மறுபடியும் ஆடினேன். அறைக்குள் போய்ச் சுவரை உடைத்தேன். கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது நேரம் மீதி இருந்தது. ஆக, இத்தனை வருடமும் நேரம் இருந்திருக்கிறது.

மடிப்பாக்கத்திலிருந்து

என் மகளுக்கு ஒன்பது வயது. போன வாரம்தான் அந்தக் கிணற்றை அடைந்தாள். மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். ஆனால் ஏறத்தான் முடியவில்லை, இரண்டாவது உதையில் விழுந்துவிடுகிறாள். கருவியில் கோளாறா, கையில் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் ஐயா.

திருவல்லிக்கேணியிலிருந்து

கோளாறு எதுவும் இல்லை. முக்கால்வாசிப் பேர் திசைப் பொத்தானையும் தாவும் பொத்தானையும் ஒன்றாக அழுத்துகிறார்கள். நானும் அந்த நான்கு நாள் அதைத்தான் செய்தேன். முதலில் சுழன்றபடி சுவரை நோக்கித் தாவ வேண்டும். சுவரைத் தொட்டதும், அதற்கு எதிர்த்திசையை மட்டும் அழுத்த வேண்டும். அப்போது சேமஸ் சுழல்வதை ஒரு கணம் நிறுத்தி, சுவரில் காலை ஊன்றுவாள். அந்த உருவம் மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாவும் பொத்தான். நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது, அதுதான் சூட்சுமம். பழகிய பிறகு இரண்டு சுவர்கூடத் தேவையில்லை, ஒரே சுவரிலேயே ஏறிவிடலாம்.

பொத்தானைப் பார்க்காமல் அந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். அவள் எத்தனை முறை விழுந்தாலும் அவை இறங்கி வந்து மறுபடியும் ஏறிக் காட்டும்.

வைத்த பெயர்கள் என்னென்ன என்று எழுதவில்லையே?