தேர் நம் வாசலுக்கு வந்தால் நிறைகுடம் வைக்கலாமா?

மேற்கணக்குப் பெண்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் ஹட்டனுக்கு மேலே இருக்கிறது. எங்கள் லயம் பன்னிரண்டு தொழிலாளர் வீடுகள் ஒட்டியிருக்கும் ஒரு வரிசை. அவற்றில் வேதக்கார வீடு, அதாவது கத்தோலிக்க வீடு, எங்களுடையது ஒன்றுதான்.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா நடந்தது. கரகம் பாலித்து, தீமிதித்து, மூன்றாம் நாள் இரவு தேர் லயம் லயமாக வந்தது. எல்லா வாசலிலும் நிறைகுடம் இருந்தது. அம்மாவும் ஸ்டூலின்மேல் மஞ்சள் துணி விரித்து ஒன்று வைத்தார். தேங்காய் உடைக்கவில்லை. தட்டில் பூவும் வாழைப்பழமும் கொடுத்தார். பூசாரி கொடுத்த திருநீற்றைக் கையில் வாங்கி நிலைப்படியில் வைத்துவிட்டார், பூசிக்கொள்ளவில்லை. மறுநாள் அன்னதானத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டோம். திருவிழா வரியை மற்ற வீடுகளுக்குப் போலவே எங்களுக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

கொழும்பிலிருந்து வந்திருந்த சித்தி இதைப் பார்த்துவிட்டு, “வேறு தெய்வம் கூடாது என்ற முதற்கட்டளையை மீறிவிட்டாய் அக்கா. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்காதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் சிற்றாலயத்தில் மாதத்துக்கு ஒரு பூசைதான். போன பூசையில் அம்மா நன்மை (நற்கருணை) வாங்காமல் கடைசி பெஞ்சிலேயே இருந்தார். முப்பது வருடமாகச் செய்து வருவதில் எது பிழை? குடமா, தட்டா, சோறா, வரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜீவ ஊற்று

சகோதரி, நானும் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன், இப்போது சபையில் இருக்கிறேன். இதில் ஆராய்ச்சியே தேவையில்லை. புறவினத்தார் பலியிடுவது பேய்களுக்கே என்று பவுல் எழுதியிருக்கிறார், 1 கொரிந்தியர் 10:20. ஆண்டவருடைய பந்தியிலும் அந்தப் பந்தியிலும் ஒருங்கே பங்குபெற முடியாது என்று அடுத்த வசனமே சொல்கிறது. குடம், தட்டு, சோறு, வரி நான்கும் பிழை. ஆனால் அந்தோனியார் சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்தியே பழகிய அம்மாவுக்கு மாரியம்மன் தேர் புதிதாகத் தெரிந்திருக்காது. வேர் அங்கே இருக்கிறது.

நுவரெலியா நேசன்

ஜீவ ஊற்றின் கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடுகிறேன், அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்வோம். முதற்பகுதியில் நான் அவர் பக்கம். நானும் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். “ஊரோடு ஒத்துப்போ” என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளுக்கு நம் விசுவாசம் என்னவென்று தெரியாமல் போய்விட்டது.

2 மக்கபேயர் ஆறாம் அதிகாரத்தில் எலயாசரைப் படியுங்கள். தொண்ணூறு வயது மறைநூல் அறிஞர். பன்றி இறைச்சி உண்ணும்படி அரசன் கட்டாயப்படுத்துகிறான். வேண்டியவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள்: உண்ணத் தகுந்த இறைச்சியை நீரே கொண்டுவாரும், பலிப்பொருளை உண்பதுபோல் நடித்தால் போதும். அவர் மறுத்துச் செத்தார். நடிப்பைப் பார்க்கும் இளைஞர்கள் வழிதவறுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வாசலில் குடம் வைத்தவர் மனத்துக்குள் வணங்கினாரா இல்லையா என்பது பார்க்கிற சிறுபிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஜீவ ஊற்று

நல்ல கதை. எங்கள் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

ஓய்வுபெற்ற உபதேசியார்

மகளே, நாற்பது வருடம் தோட்டம் தோட்டமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு சித்திரையிலும் கேட்டிருக்கிறேன்.

சித்தி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். நன்மை வாங்கக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு ஒரு பாவம் சாவான பாவம் ஆக வேண்டுமென்றால் மூன்றும் கூடியிருக்க வேண்டும்: காரியம் கனமானது, அது கனமானது என்ற முழு அறிவு, முழுச் சம்மதம். இந்த மூன்றும் உங்கள் அம்மாவின் உள்ளத்தில் இருந்தனவா என்பதைச் சித்தி பார்த்திருக்க முடியாது. நானும் பார்க்க முடியாது. இது மன்னிப்பு வழங்கும் பேச்சு அல்ல. தீர்ப்பு வழங்கும் இடம் கொழும்புப் பஸ்ஸில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்து சோறு. ஜீவ ஊற்று பத்தாம் அதிகாரத்தில் 21ஆம் வசனத்தோடு நின்றுவிட்டார். இன்னும் நாலைந்து வசனம் நடந்திருக்கலாம். சந்தையில் விற்கும் இறைச்சியை மனச்சான்றின் பேரில் எதுவும் கேட்காமல் உண்ணுங்கள்; விசுவாசம் இல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, நீங்களும் போக விரும்பினால், பரிமாறியதை உண்ணுங்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அதற்கு முன் எட்டாம் அதிகாரத்தில், சிலை என்பது வெறுமை, கடவுள் ஒருவரே என்ற அடித்தளத்தையும் போட்டுவிட்டார். பலிபீடத்தில் பங்குபெறுவது வேறு, அயலவன் இலையில் உண்பது வேறு. பவுல் இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார். நாம்தான் கலக்குகிறோம்.

எலயாசர் பெரிய மனிதர். ஆனால் அவரிடம் கேட்டது சாப்பாடு அல்ல, மறுதலிப்பு. அந்த இறைச்சியைத் தின்றால் முன்னோர் சட்டத்தை விட்டுவிட்டான் என்று பொருள், அதற்காகவே அரசன் தின்னச் சொன்னான். மேற்கணக்கு லயத்தில் யாரும் அம்மாவிடம் இயேசுவை மறுதலிக்கச் சொல்லவில்லை.

ஜீவ ஊற்று

ஐயா நாலைந்து வசனம் நடக்கச் சொன்னார், நான் ஆறேழு நடந்தேன். 28ஆம் வசனம்: “இது படைக்கப்பட்டது” என்று யாராவது சொன்னால், சொன்னவரை முன்னிட்டு உண்ணாதீர்கள். அன்னதானம் யாருக்குப் படைத்தது என்று தோட்டத்துக்கே தெரியுமே! அதற்கு என்ன பதில்?

ஓய்வுபெற்ற உபதேசியார்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதனால்தான் மகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோறு எங்கே சமைத்தது? அம்மன் முன் படைத்த பொங்கலா?

மேற்கணக்குப் பெண்

பொங்கல் வேறு, ஐயா. அது கோவில் வாசலில் வைத்தது. நாங்கள் வாங்கவில்லை. அன்னதானச் சோறும் சாம்பாரும் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் அண்டாவில் வெந்தது. எங்கள் அப்பாதான் விறகு பிளந்து கொடுத்தார்.

தப்படிப்பவன் மகன்

நான் வேதக்காரன் இல்லை, மாரியம்மன் கோவில் கமிட்டியில் இருப்பவன். பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். “பேய்” என்ற சொல் என் முகத்தில் விழுந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஜூன் 13ஆம் தேதி அந்தோனியார் திருநாள். கொடியேற்றத்துக்குத் தப்படிப்பது என் அப்பா. சுரூபக் கூட்டைத் தூக்கும் எட்டுப் பேரில் நான்கு பேர் எங்கள் ஆட்கள். போன வருடம் காற்றில் சிற்றாலயக் கூரைத் தகடு பறந்தபோது கோவில் பணத்திலிருந்துதான் புதுத் தகடு வாங்கிக் கொடுத்தோம். அப்போது யாரும் முதற்கட்டளையைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் புனித யோசவ் வாஸ் பற்றி எங்கள் ஊர்ச் சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னதைக் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். 1692இல் கோவாக்காரரான அவர் கண்டிக்கு வந்ததும் ஒற்றன் என்று சிறையில் போட்டார்களாம். பிறகு 1697இல் பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரர்களே காட்டில் விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை மதம் பாராமல் எடுத்துப் பார்த்தாராம். வறட்சியில் அவர் செபித்து மழை பெய்ததாகவும் சொல்கிறார்கள். மழையும் அம்மையும்! இரண்டுமே எங்கள் மாரியின் காரியங்கள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

நுவரெலியா நேசன்

தம்பி, “பேய்” என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கூரைத் தகட்டுக்கு நன்றியும் சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் சிரித்த அந்த இடத்தில்தான் என் பயம் இருக்கிறது. “மாரியும் வாஸும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், ஆகவே எல்லாம் ஒன்று” என்று முடித்துவிட்டால் நான் எதற்கு வேதக்காரனாக இருக்க வேண்டும்? வாஸ் அம்மை நோயாளியைக் கழுவியது அவன் மனிதன் என்பதால், அம்மனுக்காக அல்ல. உதவி வேறு, வழிபாடு வேறு. நீங்கள் கூட்டைத் தூக்கும்போது அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்கிறீர்களா இல்லையா என்பது உங்கள் விஷயம், உங்கள் மதம் அதை அனுமதிக்கிறது. என் மதம் எனக்கு அனுமதிப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே தராசு இல்லை என்பதை நட்பின் பேரில் மறைக்கக் கூடாது.

தப்படிப்பவன் மகன்

இதை நேராகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. தேரை வீட்டு வாசலில் நிறுத்தவேண்டாம் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் வணங்கிவிட்டு அடுத்த வாசலுக்குப் போயிருப்போம். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. தீட்டு வீட்டைத்தான் தேர் தாண்டிப்போகும். லயத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

மாத்தளை வாசகன்

நடுவில் ஒரு சிறு வரலாறு. இந்த வாதத்துக்கு வயது நானூறு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் சந்தனமும் குடுமியும் சமூக அடையாளங்கள், வழிபாடு அல்ல என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பல வழக்கங்களை இறுக்கிக் கட்டினார். அந்த விதிகளைக் காப்போம் என்று மிஷனரிகள் செய்யவேண்டியிருந்த சத்தியம் 1940இல்தான் நீங்கியது. எது பண்பாடு, எது வழிபாடு என்று ரோமாபுரியே முந்நூறு வருடம் தடுமாறியிருக்கிறது. சித்தி ஒரே மாலையில் முடித்துவிட்டார்.

ஜீவ ஊற்று

ரோமாபுரி தடுமாறியது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் ஐயாவிடம் ஒரு கேள்வி. மேரிக்கும் அந்தோனியாருக்கும் கும்பிடு போடலாம் என்றால், மாரிக்கு ஏன் கூடாது? நீங்கள் எந்தக் கோட்டில் நிற்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற உபதேசியார்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

தமிழில் “கும்பிடு” என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுகிறோம். துரையைக் கும்பிட்டோம், பாட்டியைக் கும்பிடுகிறோம், சாமியைக் கும்பிடுகிறோம். கை ஒன்றுபோலத்தான் கூடுகிறது. 787இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் சங்கம் இதற்காகவே இரண்டு சொற்களைப் பிரித்தது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், சுரூபத்துக்கும் படத்துக்கும் செய்வது வணக்கம், அந்த வணக்கம் படத்தில் நிற்காமல் அதில் இருப்பவரைச் சேரும். அந்தோனியாரிடம் நாம் கேட்பது “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பதை. அவர் கடவுள் என்று நாம் சொல்வதில்லை. மாரியம்மன் வேண்டிக்கொடுப்பவள் என்று அவளைக் கும்பிடுபவர்கள் சொல்வதில்லை, அவளே தெய்வம் என்கிறார்கள். ஆகவே அவளுக்கு வணக்கம் செலுத்துவதாக நான் சொன்னால், அவள் பக்தர்களையே ஏமாற்றுகிறேன். தம்பி கமிட்டிக்காரர் இதை ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இப்போது குடம். போன ஆயர் வருகைக்கு நம் சிற்றாலய வாசலில் என்ன வைத்தோம்? நிறைகுடமும் குத்துவிளக்கும். கல்யாண வீட்டிலும் அதுவே. குடம் வரவேற்பின் மொழி. வாசலுக்கு ஊர் வருகிறது, ஊருக்குக் குடம் வைத்தார் என்று கொள்ள இடம் இருக்கிறது. 2 அரசர்கள் ஐந்தாம் அதிகாரத்தில் நாமான் எலிசாவிடம் கேட்பதைப் பாருங்கள்: என் அரசர் ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது என் கையில் சாய்கிறார், நானும் குனியவேண்டியிருக்கிறது, அதை ஆண்டவர் மன்னிப்பாரா? எலிசா அவனைத் திட்டவில்லை, அமைதியோடு போ என்றார். 1917இல் வந்த பழைய திருச்சபைச் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்று நேசனுக்குத் தெரியும். பிற சபையாரின் வழிபாடு பற்றிய 1258ஆம் விதியில் அதுகூட, மரியாதையின் பேரில் கல்யாணம், மரணச் சடங்குகளில் வெறுமனே கூட இருப்பதை, இடறல் வராத அளவுக்குப் பொறுத்துக்கொண்டது.

வரி சம்பளத்தில் போனது, அதில் பேச ஒன்றும் இல்லை. கூரைத் தகடாகத் திரும்பியும் வந்துவிட்டது.

தட்டில்தான் எனக்குத் தயக்கம். பூவும் பழமும் பூசாரி கைக்குப் போனால் அங்கிருந்து அர்ச்சனைக்குப் போகிறது. அது காணிக்கை. குடத்துக்குச் சொன்னதை அதற்குச் சொல்ல என் நாக்கு வரவில்லை. நேசன் பயப்படுவது இங்கே நியாயம்.

நுவரெலியா நேசன்

நாமானைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் மன்னிப்புக் கேட்டான், ஐயா. சரி என்று வாதாடவில்லை. குடத்திலும் நான் முழுதாக இறங்கிவரவில்லை. சோற்றில் இறங்கிவிட்டேன்.

ஜீவ ஊற்று

நான் எதிலும் இறங்கவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்காக இன்று இரவு செபிக்கிறேன்.

மேற்கணக்குப் பெண்

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எலயாசர் வந்த இடத்தில் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். யோசவ் வாஸ் கதை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது.

தட்டைப் பற்றிக் கேட்டேன். பூசாரி “யார் பெயருக்கு அர்ச்சனை?” என்று கேட்டாராம். அம்மா பெயர் சொல்லவில்லையாம். “பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்” என்று சொல்லித் தேருக்குப் பின்னால் வந்த பிள்ளைகளைக் காட்டினாராம். பூசாரி சிரித்துவிட்டு ஒரு சீப்பைப் பிய்த்து அவர்களிடம் கொடுத்தாராம். பூவை மட்டும் வாங்கிக்கொண்டாராம். “அந்தப் பூதான் மனத்தில் கிடக்கிறது” என்றார் அம்மா.

இந்த மாதம் சாமியார் சனிக்கிழமை மாலையே வருகிறார், பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அன்றைக்கு அரை நாள் பெயர்தான், அதாவது அரை நாள் வேலைதான், போடுவதாகக் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தோனியார் திருநாள் தப்புக்கு முற்பணம் கொடுக்கவேண்டுமாம், அதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். தப்படிப்பவன் மகன், உங்கள் அப்பாவிடம் ஞாயிறு காலை வருகிறோம் என்று சொல்லுங்கள்.