சாலையைக் கடக்கும்போது நடந்தது: எல்லையோர ஊர்க்காரர்கள் எழுதுங்கள்

செங்கோட்டைப் பக்கம்

கேரள எல்லையில் இருக்கிற புளியரைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் முக்கு. பால் சொசைட்டி ஒரு பக்கம், வீடுகள் மறுபக்கம், நடுவில் கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. டிப்பர் போக்குவரத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

காலை ஆறு மணி. ஜீப்ரா கோட்டின் ஓரத்தில் பால் கேனோடு ஓர் ஆச்சி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. காரை நிறுத்தினேன். அவர் தயங்கினார். நான்தான் கையை அசைத்து, “போங்கள் ஆச்சி” என்று சைகை காட்டினேன்.

என் காரின் முகப்பைத் தாண்டி அவர் இரண்டாவது அடி வைத்தபோது, வலப்பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் என்னை முந்தியது. நான் ஏன் நிற்கிறேன் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் வருவது ஆச்சிக்குத் தெரியாது. ஒருவர் கண்ணிலிருந்து மற்றவரை மறைத்து நின்றது என் கார்.

மோதியதில் ஆச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் கண்ணை விட்டுப் போகாதது அந்தப் பால். கேன் கவிழ்ந்து கோடுகளின் மேல் ஓடியது. எது பெயின்ட், எது பால் என்று பிரிக்க முடியவில்லை. அதற்குள் யாரோ ஒரு லாரிக்கு வழிவிட்டு, பாலின் மேலேயே ஏற்றிப் போகச் சொன்னார்கள்.

நிறுத்தியது தவறா? நான்கு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

தவறில்லை அண்ணா. ஆனால் சைகை காட்டியதுதான் யோசிக்க வேண்டியது.

கேரளப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கடைத்தெருவில் நடந்தது. பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மருந்துக்கடைக்கு எதிரே கடக்க நின்றாள். எதிரே வந்த ஜீப் இரண்டு முறை விளக்கை அடித்துக் காட்டியது. அவள் இருக்கும் நாட்டில் அதற்கு “நீங்கள் போங்கள்” என்று பொருள் கொள்வார்களாம். சிரித்து, தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைத்தாள். நம் ஊரில் அதற்கு “நான் வருகிறேன், நில்” என்றல்லவா பொருள்!

பின்னாலிருந்து அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டேன். கழுத்தில் சிவந்த கோடு இரண்டு நாள் இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மலைப்பாதை ஓட்டுநர்

சாலை என்றாலே டிப்பரைத்தான் இழுக்கிறீர்கள். முதல் பதிவில் மோதியது டிப்பரா? மோட்டார் சைக்கிள். நான் டிப்பர் ஓட்டுகிறேன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

போன கார்த்திகை மாதம், விடியாத வேளை, சாரல். ஊர் முக்கில் மூன்று தெருவிளக்கும் எரியவில்லை. சபரிமலைக்குப் போகிறவர்கள் வேன்களை ஓரம் கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு. என் விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஆள் அல்ல, ஆவி. டீ டம்ளரிலிருந்து எழும் ஆவி சாலை நடுவில் தனியாக மிதந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. பாரம் ஏற்றிய வண்டி, ஈரச் சாலை. இரண்டடி இடைவெளியில் நின்றது. அந்தச் சாமி டம்ளரைக்கூடக் கீழே போடவில்லை, “சாமி சரணம்” என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். நான் இறங்கி ஓரமாக உட்கார்ந்தவன், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

முக்கில் விளக்கு எரிந்திருந்தால் அவரை நூறு அடிக்கு முன்னாலேயே பார்த்திருப்பேன். ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் தலையை நிமிர்த்திக் கம்பத்தைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்

தம்பி சொல்வது சரி, வெளிச்சம்தான் முதல் தேவை. ஆனால் செங்கோட்டைத் தம்பிக்கு நடந்ததை விளக்கு தடுத்திருக்காது.

முதலில் என் கதை. பணியில் இருந்த காலத்தில் ஓர் ஊரில், கோயிலுக்கு எதிரே பாலத்தின் சுவர் குறுக்கே இருந்ததால், நூறு அடி தள்ளி ஜீப்ரா கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் பூக்கூடையோடு ஒரு பாட்டி, “ஐயா, கோடு அங்கே இருக்கிறது, கோயில் இங்கே இருக்கிறதே” என்றார். அந்தக் கோட்டில் கடைசிவரை யாரும் நடக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஏழு மீட்டர் சாலையைக் கடக்க வயதானவருக்கு ஒன்பது விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் 150 மீட்டர் வந்துவிடும். கிழவி புறப்படும்போது அந்த வண்டி கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே சாலையின் நடுவில் ஒரு திட்டு வேண்டும். பாதி கடந்து, நின்று, மூச்சு வாங்கி, மீதியைக் கடக்கலாம். திட்டு இருந்தால் நிற்கிற காரை வலப்பக்கம் முந்துவதும் எளிதல்ல. அந்த மோட்டார் சைக்கிளைத் தடுத்திருக்கக்கூடியது அதுதான். வண்டி நிற்பதற்கான கோட்டையும் ஜீப்ராவை ஒட்டிப் போடாமல் சில அடி முன்னாலேயே போட்டால், நடப்பவருக்கு அடுத்த வண்டி கண்ணில் படும். பஸ் நிறுத்தம் ஜீப்ராவைத் தாண்டி இருக்க வேண்டும். இறங்குகிறவர்கள் அப்போதுதான் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள்.

எல்லோரும் வேகத்தடை கேட்பீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. ஊருக்குள் போகும் சிறு சாலைகளில் போட்டாலும் அதற்கு அளவு உண்டு: வளைவின் ஆரம் 17 மீட்டர், அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். கையில் கிடைத்த ஜல்லியைக் குவித்து ஊர் இளைஞர்கள் போடுகிற மேடு, இரவில் இரு சக்கர வாகனத்தில் வருகிறவனைத் தூக்கி எறியும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்புத் தரத்தை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் வரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்ட் 15 கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

ஐயா, நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அவர் கேட்டது நிறுத்தியது தவறா என்று. அதற்குப் பதில் வரவில்லையே.

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்

நிறுத்தியது சரி, அம்மா. கை காட்டியிருக்கக் கூடாது. நாம் நம் வண்டிக்கு மட்டும்தான் உறுதி சொல்ல முடியும். பின்னால் பார்த்து, ஜன்னல் வழியே கையை நீட்டிப் பின்னால் வருகிறவனை நிறுத்தியிருக்கலாம்.

ஆரம்பாக்கத்தில் இருந்து

ஆந்திர எல்லையில் எங்களுக்குக் கோடே இல்லை. சென்னை–நெல்லூர் சாலை, நடுவில் தடுப்புச் சுவர். தடா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் அந்தச் சுவரை ஏறிக் குதிக்கிறார்கள். ஒருநாள் என் அக்காவின் செருப்பு ஒன்று சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டது. எடுக்கத் திரும்பினால் பஸ் போய்விடும், அரை நாள் சம்பளம் போகும். ஒற்றைச் செருப்போடு ஏறிப் போனாள். அது மாலை வரை அங்கேயே கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் யார் அடிபட்டார்கள் என்று என்னிடம் விசாரித்தார்கள்.

செங்கோட்டைப் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. ஓட்டுநர் அண்ணாச்சி, உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று பால் கேனை ஓரமாக எடுத்து வைத்தவரும் ஒரு டிப்பர் ஓட்டுநர்தான்.

நேற்று ஆச்சியைப் போய்ப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். “நீ கை காட்டினாயல்லவா, அதனால்தான் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆய்வாளர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். நடுத்திட்டு எங்கே வர வேண்டும் என்று கேட்டதும், “சொசைட்டி வாசலுக்கு நேராக. ஓர் அடிகூடத் தள்ளக் கூடாது” என்று மனுவில் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து அவருடையது.